மத்தியானம் ஓடிய தையல்

அண்ணன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். வாசலில் டாக்ஸி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்ப்பதும் மூடுவதும் மறுபடி திறப்பதுமாக நின்றாள். அம்மா கூடத்துக்கும் வாசலுக்கும் இடையே காலில் சக்கரம் கட்டியது போல் அலைந்தாள். பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தது தங்கை. போக வேண்டியவனோ முன்னறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், வண்டிக்காரர் கிளம்பிடுவார்டா!" என்றாள் அம்மா.

"இரும்மா, ஒரே நிமிஷம். இவளுக்கு ஒரு ரேம் மாட்டிக் குடுத்துட்டுப் போறேன். அப்புறம் யாரு செய்வா?"

ரேம் என்பது விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது கைக்கு எட்டுகிற மாதிரி சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேஜை அதுதான். மேஜை சின்னதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் அலமாரியைத் திறக்க வேண்டும், வேலை நகராது. அந்தக் கம்ப்யூட்டரில் ஆதியிலிருந்து ஒரே ஒரு பட்டை இருந்தது. அண்ணன் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைச் செருகினான். புதுசு, பழையதைவிட வேகமானது.

தகட்டை மூடி ஒரே ஒரு திருகாணியைப் போட்டான். கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்து, எதையோ தட்டி, மறுபடி அணைத்துப் போட்டான். அந்த நேரத்தில் தங்கை அவனுடைய பெரிய பெட்டியோடு வாசற்படியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே உன் டிசைன் எல்லாம் பறக்கும் பாரு. அண்ணன் பேரச் சொல்லு!"

"முதல்ல வந்து இந்தப் பெட்டியில கைய வை. அப்புறம் பறக்கலாம்."

அவன் சிரித்துக்கொண்டே வந்து அண்ணியோடு ஏறினான். டாக்ஸி முனை திரும்பும் வரை அம்மா கையை ஆட்டினாள். தங்கை உள்ளே போய்த் தரையில் கிடந்த மீதித் திருகாணிகளைப் பொறுக்கி, போட வேண்டிய இடங்களில் போட்டாள்.

அவளுக்கு வீட்டில் ஊசிவெடி என்று பெயர். உடம்பு ஒல்லி, சத்தம் பெரிசு என்பதால் யாரோ சித்தப்பா வைத்தது. பெயர் வைத்தவர் போய்விட்டார், பெயர் போகவில்லை. அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் குடியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காரணம் இல்லாமல் அவள் கோபப்பட்டாள் என்பதற்கு ஓர் உதாரணம் கேட்டால் ஒருவராலும் சொல்ல முடிந்ததில்லை. "அது என்னவோ, எப்பவும் அப்படித்தான்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் வரைந்த படத்தை வேறொரு பெண்ணின் பெயரில் சுவரில் ஒட்டினார்கள் என்று சத்தம் போட்டாள். படம் அவளுடையது என்பது எல்லாருக்கும் மறந்துவிட்டது. சத்தம் மட்டும் நினைவில் நின்றது.

அவர்களுடையது எம்ப்ராய்டரி தொழில். பள்ளிச் சீருடைக்குச் சின்னம், ஹோட்டல் ஆட்களின் சட்டைப் பைக்குப் பெயர், விளையாட்டுக் குழுக்களின் பனியனுக்கு முத்திரை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. நடுவில் பல துணிகளை ஒரே நேரத்தில் தைக்கும் பெரிய மெஷின், சுவரை ஒட்டி வண்ண வண்ண நூல் கோன்கள், மேற்குப் பக்க ஜன்னலோரம் கம்ப்யூட்டர். அப்பா மெஷினை வாங்கிப்போட்டுச் சில வருடங்களில் கண்ணை மூடினார். அதன் பிறகு வெளியே போய் ஆர்டர் பிடித்தது அண்ணன். உள்ளே உட்கார்ந்து டிசைன் போட்டது அப்பா காலத்திலிருந்தே இவள்.

டிசைன் போடுவது என்றால் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு இலையை எடுத்துக்கொண்டால், தையல் நடு நரம்பிலிருந்து வெளியே சாய வேண்டுமா, ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டுமா. எந்த நிறம் முதலில் விழ வேண்டும். துணி இழுபடாமல் இருக்க அடியில் எவ்வளவு ஓட்டுத்தையல் போட வேண்டும் என்று ஒவ்வொரு ஊசிக் குத்துக்கும் அவள் இடம் சொல்ல வேண்டும். அவள் போட்ட டிசைனில் நூல் முறுக்காது, துணி சுருங்காது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அந்த வேலைக்கான பழைய சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு சின்னப் பூட்டைச் செருகினால்தான் திறக்கும். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே கிடையாது. ஆகவே, ஊரெல்லாம் மூன்று தலைமுறைக் கம்ப்யூட்டர்கள் மாறிய பிறகும் இவர்கள் அந்த ஒன்றையே துடைத்துத் துடைத்து ஓட்டினார்கள்.

அண்ணன் போன அடுத்த வாரத்தில் முதல் தையல் ஓடியது.

ஒரு பள்ளிக்கூடத்துச் சின்னம், விரித்து வைத்த புத்தகம். மெஷின் பக்கத்தின் ஓரத்தை அழகாகத் தைத்துக்கொண்டே வந்து, திடீரென்று பைத்தியம் பிடித்த மாதிரி ஒரே தாவலாகத் துணியின் மூலைக்குப் போய் ஒரு குத்துக் குத்திவிட்டுத் திரும்பி வந்தது. புத்தகத்திலிருந்து ஒரு நீல நூல் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மெஷினைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவார். எல்லாருக்கும் அவர் மெஷின் அக்கா. அவர் மெஷினை நிறுத்திவிட்டு இடுப்பில் கையை வைத்தார்.

"என்ன பாப்பா, புக்கு வாலாட்டுது?"

"மெஷின்ல ஏதாவது சிக்கியிருக்கும், பாருங்கக்கா."

"இந்த மெஷின் மேல பழியப் போடாத. அங்கேர்ந்து என்ன வருதோ அத இது தைக்கும். நாயை வரைஞ்சு அனுப்புனா நாயைத் தைக்கும்."

மறுநாள் காலையில் எல்லாம் சரியாக வந்தது. மத்தியானம் மறுபடி ஓடியது. இப்படியே ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. காலையில் அநேகமாக ஓடாது. அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நீ அந்த ரேம் மாட்டினதுலேர்ந்துதான் இப்படி."

"ரேம் வேகத்தைக் கூட்டும். தையல எதுக்கு மாத்தும்? நீ எங்கயாவது மவுஸ இழுத்து விட்டிருப்ப. நிதானமா பண்ணு."

"நான் எத்தனை வருஷமா பண்றேன், இப்ப வந்து மவுஸ இழுப்பனா?"

"பாரு, இப்பவே கத்தற. இப்படிக் கத்திக்கிட்டே உக்காந்தா கை எப்படி நிக்கும்?"

அந்தப் பேச்சுதான் வீட்டில் வேர் பிடித்தது. அம்மாவுக்கு அது வசதியாக இருந்தது. மகன் சொன்னது, மகளுக்குப் பொருந்தியது. "மத்தியானம் ஆனா இவளுக்கு ஒரு வெறி வரும். அப்பதான் கை தப்புது" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். தையல் ஓடிய பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. எது முந்தி, எது பிந்தி என்று பார்ப்பதற்கு யாருக்குப் பொறுமை? கோபக்காரியிடம் ஒரு தப்பு நடந்தால் காரணம் தயாராக இருக்கிறது, எடுத்து ஒட்டிவிடலாம்.

பிறகு அந்த மீன்கொத்தி வந்தது.

ஒரு விளையாட்டுக் கிளப்பின் பனியன்களுக்கு முத்திரையாக நீல மீன்கொத்தி. அவள் அதற்கு உயிரைக் கொடுத்தாள். இறக்கையில் மட்டும் நான்கு வித நீலம். காலையில் தைத்த மாதிரியைப் பார்த்துக் கிளப் செயலாளர் வாயைப் பிளந்தார். முழு ஆர்டரையும் தைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் அதையே மறுபடி கம்ப்யூட்டரில் திறந்து மெஷினுக்கு அனுப்பினாள். மெஷின் அக்கா பாத்ரூம் போன நேரத்தில் துணியை இழுத்து மாட்டும் பிரேம் நிறையப் பனியன்கள் தைத்து முடிந்திருந்தன. அத்தனை பறவைகளின் கண்ணிலிருந்தும் ஒரு வெள்ளை நூல் அலகைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது.

செயலாளர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, எங்க டீம் எப்பவும் தோக்கும்தான். அதுக்காகப் பறவையே அழுதா எப்படி?"

மெஷின் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. செயலாளர் பனியன்களைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் பேசாமல், அண்ணனுக்குப் போன் செய்து பேசினார். இங்கே பக்கத்தில் நிற்கிறவளின் கை பற்றி, கடல் தாண்டி இருக்கிறவனிடம் புகார். அவள் வாய்க்குள்ளேயே பல்லைக் கடித்தாள்.

அன்றைக்கே அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"இங்க பாருமா, அவளுக்கு வேலை அதிகம். அண்ணியோட தம்பி சும்மாதான இருக்கான்? கம்ப்யூட்டர் படிச்சவன். டிசைன அவன் பாக்கட்டும். இவ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

"நான் ரெஸ்ட் கேட்டனா?" என்றாள் அவள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நாற்காலிய எடுத்து இன்னொருத்தனுக்குப் போடறது என் நல்லதுக்கா? என் கை தப்பல. நீ மாட்டினது எதுவோ தப்பு. வந்து எடு. இல்ல, எடுக்கச் சொல்லு."

"அம்மா, ஸ்பீக்கர ஆஃப் பண்ணு" என்றது போன்.

அம்மா ஆஃப் பண்ணினாள். மகளுக்குக் கேட்காமல் தலையை ஆட்டி ஆட்டிப் பேசி முடித்தாள்.

ரெஸ்ட் என்பது ஒரு சின்னக் கத்தரிக்கோல். தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளை வெட்டுகிற வேலை அவளுக்குக் கொடுக்கப்பட்டது. தான் போட்ட டிசைன்களுக்குக் கீழே உட்கார்ந்து பிசிறு வெட்டினாள். ஜன்னலோர நாற்காலியில் அண்ணியின் தம்பி வந்து அமர்ந்தான். கெட்ட பையன் இல்லை. அவனுக்கு நிறம் தெரியாது, தையல் தெரியாது. அதெல்லாம் தெரியாது என்பதும் தெரியாது.

"அக்கா, இந்தப் பச்சைக்குப் பக்கத்துல எந்தப் பச்சை வரும்?"

"உங்க மாமாகிட்ட கேளு. அங்கேர்ந்தே கண்ணு தெரியுமே அவருக்கு."

"ஏன்க்கா என்மேல பாயறீங்க? என்னக் கூப்ட்டாங்க, வந்தேன்."

அவனும் ஒரு ஹோட்டலுக்குச் சட்டைப் பை டிசைன் போட்டான். மத்தியானம் அதில் ஒரு நூல் காலர் வரைக்கும் ஓடியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே, "பரவால்லடா, புதுசுதான? கை பழகிடும்" என்றாள்.

கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது மரியாதைக்கு.

"ஓஹோ! அவனுக்கு ஓடினா கை பழகணும். எனக்கு ஓடினா கோபம் குறையணும். நல்லா இருக்கும்மா உன் நியாயம்! அவனுக்கு எந்த வெறி வந்து ஓடிச்சு? சொல்லு. அவன் இன்னும் சாப்பாட்டுத் தட்டப் பாத்து சிரிச்சுக்கிட்டு இருக்கான்!"

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுதுடி."

"கேக்கட்டும்!"

ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே அவளுக்குள் ஒன்று பளிச்சென்றது. இரண்டு பேர். இரண்டு கைகள். ஒருவனுக்கு வேலை தெரியாது, ஒருத்திக்குத் தெரியும். தப்பு மட்டும் ஒரே மாதிரி. அப்படியானால் கையை விட்டுவிட்டுத் தேட வேண்டும். சும்மா சத்தம் போட்டால் காதில் ஏறாது, கண்ணில் காட்ட வேண்டும்.

மறுநாள் காலையில் பழைய புத்தகச் சின்னத்தை எடுத்தாள். அப்பா இருந்த காலத்தில் அவள் போட்டது. எத்தனையோ பள்ளி வருடங்களாகத் தைத்துத் தைத்துத் தேய்ந்த டிசைன். அதை யாரும் தொடாமல், அப்படியே திறந்து, கழிவுத் துணியில் தைக்க அனுப்பினாள். சுத்தமாக வந்தது. அதை மெஷினின் நினைவிலேயே விட்டு, வெயில் ஏறிய பிறகு கம்ப்யூட்டரைத் தொடாமல் மறுபடி தைக்கச் சொன்னாள். அதுவும் சுத்தம்.

"நான் சொல்லல? மெஷின் தங்கம்" என்றார் மெஷின் அக்கா.

பிறகு அதையே கம்ப்யூட்டரில் புதிதாகத் திறந்து அனுப்பினாள். இடது பக்கத்து மூலையிலிருந்து நூல் ஓடியது. மூடி, மறுபடி திறந்து அனுப்பினாள். இந்த முறை வலது பக்கத்தின் அடியிலிருந்து ஓடியது. அந்தத் துணிகளைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் போட்டாள்.

"ஒரே டிசைன். இன்னிக்கு நானும் தொடல, அவனும் தொடல. ஒரு தடவ இங்க ஓடுது, ஒரு தடவ அங்க ஓடுது. இப்ப சொல்லு, யார் கை தப்புச்சு?"

அம்மா துணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி, ரிப்பேர்காரரக் கூப்பிடு. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

ரிப்பேர்காரர் வந்தார். இரண்டு ரேம் பட்டைகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தன் கடைக்குப் போனார். மறுநாள் திரும்பி வந்து மாட்டினார். அவளைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டுமே நல்ல பட்டைம்மா. ஒண்ணும் இல்ல. பொதுவா கம்ப்யூட்டர் பிரச்சினையில பாதிக்கு மேல நாற்காலியில உக்காந்திருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தாள்.

அவள் வாசற்படியில் போய் நின்றுகொண்டாள். அவர் போக வழியில்லை.

"எங்க வெச்சு டெஸ்ட் பண்ணீங்க?"

"என் கடையில."

"உங்க கடைக் கம்ப்யூட்டர்லயா?"

"ஆமா. அதான டெஸ்ட்டுக்குன்னே வெச்சிருக்கேன்."

"தனித்தனியாவா, சேத்து வெச்சா?"

"தனித்தனியாத்தான் பண்ணணும். அப்பதான் எது கெட்டதுன்னு தெரியும்."

"புருஷன் பொண்டாட்டிய தனித்தனியா, உங்க வீட்டு ஏசி ரூம்ல உக்கார வெச்சு விசாரிச்சா ரெண்டு பேருமே தங்கமானவங்கதான். இங்க வந்து, இந்த வீட்டுல, ஒண்ணா வெச்சு, மத்தியான வெயில்ல பாருங்க. அப்புறம் நாற்காலியப் பத்திப் பேசுங்க."

மெஷின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரிப்பேர்காரருக்கு முகம் சிவந்தது. ஆனால் மனிதர் சுரணை உள்ளவர். பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, மெமரியைச் சோதிக்கிற சிடியைப் போட்டார். ஜன்னல் வெயில் கம்ப்யூட்டரின் முதுகில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணியின் தம்பி பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு வரிசையாகக் கொட்டியது.

"அட!" என்றார் ரிப்பேர்காரர்.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, அது விழிக்கிற நேரத்தில் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினார். நீல நிறத்தில் ஒரு திரை வந்தது. அவள் அந்தத் திரையை வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவர் விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்க. பழைய பட்டையோட வேகம் முன்னூத்தி முப்பத்தி மூணு. புதுசு நானூறு. ரெண்டு வேகம் கலந்து போடறது ஒண்ணும் குத்தமில்ல. இத ஆட்டோவுல விட்டா, புதுசு தானா பழசோட வேகத்துக்கு இறங்கி வந்துடும். சேந்து நடந்துக்கும். ஆனா இங்க யாரோ கையால நானூறுன்னு வெச்சிருக்காங்க. அப்ப பழசு புதுசோட ஓட வேண்டியிருக்கு. காலையில எப்படியோ இழுத்துப் பிடிச்சு ஓடிடுது. சூடு ஏறினா மூச்சு வாங்குது, ஒண்ணு சொன்னா ஒண்ண எழுதுது. என் கடைக் கம்ப்யூட்டர்ல ஆட்டோதான் இருக்கு, அதான் அங்க தப்பு தெரியல."

ஆட்டோ என்று மாற்றிவிட்டு மறுபடி சோதித்தார். வெயில் அதே இடத்தில்தான் இருந்தது. ஒரு சிவப்பு வரிகூட விழவில்லை.

"யாரு இத மாத்தினது?" என்று கேட்டார்.

அவள் அம்மாவின் கைப்பேசியை எடுத்தாள். அண்ணனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ரிப்பேர்காரர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கோபத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு, இதுவரை யாரிடமும் பேசாத அளவு மெதுவாகப் பேசினாள்.



"நானா? நான் வெறுமனே மாட்டிட்டு மூடினேன். நீதான் எதையாவது நோண்டியிருப்ப. கோபம் வந்தா கீபோர்ட அந்தத் தட்டு தட்டுவியே, எங்கயாவது பட்டிருக்கும்."

அறையில் இருந்த எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா, மெஷின் அக்கா, அண்ணியின் தம்பி, ரிப்பேர்காரர்கூட. ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் அந்த நாற்காலி குற்றத்திலிருந்து விடுபட்டிருந்தது. இப்போது மறுபடி எல்லாக் கண்களும் அங்கேயே வந்து நின்றன. கை தப்பவில்லை, சரி. அப்படியானால் கை நோண்டியிருக்கும்.

"அந்தத் திரை இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்!" அவள் குரல் பழைய இடத்துக்கே எகிறியது. "நீ போன அன்னிக்கு அணைச்சு அணைச்சுப் போட்டியே, என்ன பண்ணின? நான் உன் பெட்டியத் தூக்கிக்கிட்டிருந்தேன்! சொல்லு!"

"பாத்தியாம்மா? நான் சொன்னேன்ல, எப்படிக் கத்தறா பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

ரிப்பேர்காரர் பையை எடுத்துக்கொண்டு, "மாத்தினது யாருன்னு அதுல பதிவாகாதும்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா பெருமூச்சு விட்டாள். "சரி விடு. யார் மாத்தினா என்ன? இப்ப சரியாப் போச்சுல்ல? உன் நாற்காலிய நீயே வெச்சுக்கோ."

"எனக்கு நாற்காலி வேணும். அதோட, அவன் வாயால 'நான்தான்'னு சொல்லவும் வேணும்."

"சொன்னா என்ன வந்துடப் போகுது?"

"சொல்லலன்னா உனக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆச்சு. ஊரெல்லாம் போய் என் கை தப்புதுன்னு சொன்னியே, அந்த ஊர் முழுக்கப் போய் இப்ப இல்லன்னு சொல்லுவியா?"

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் அண்ணியின் தம்பி தன் ஹெட்போனைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் உங்கள நம்பறேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மாமா எங்க வீட்டுக்கு வந்திருந்தப்போ, அந்த ரேம வாங்கிட்டு, இத ஃபுல் ஸ்பீடுல ஓட விடணும்னு சொல்லிக்கிட்டிருந்தார்" என்றான்.

"இத உள்ள வந்து அம்மாகிட்ட சொல்றியா?"

"ஐயோ, வேணாம்க்கா. எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவா. நீங்களும் சொல்லிடாதீங்க."

அவன் நல்ல பையன்தான். அப்படி ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வெளியே எடுத்தால் உடைந்துவிடும் என்கிற சாமானைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி.

அன்றிலிருந்து அவள் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினாள். வேலையை நிறுத்தவில்லை. மறுநாளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மீன்கொத்தியை மறுபடி தைத்து, கூப்பிடாமலேயே கிளப் செயலாளர் வீட்டுக்கு எடுத்துப் போய் அவர் மனைவி முன்னால் விரித்துக் காட்டினாள். "அழல பாருங்க" என்றாள். செயலாளர் நிறுத்தி வைத்திருந்த ஆர்டரை மறுபடி அவளுக்கே கொடுத்தார். கொடுக்கும்போது, "இனிமே நிதானமா பண்ணும்மா" என்றார். அவள் அங்கேயே நின்று, ரேம் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து முழுக் கதையையும் அவருக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் படி இறங்கினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் பரவாயில்லை, கேட்டார் அல்லவா.

வருடங்கள் போயின. அந்தக் கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போனது. பூட்டு இல்லாத புதுச் சாஃப்ட்வேர் வந்தது. பட்டறை பெரிதாகி, பக்கத்துத் தெருவில் தனி இடம் பிடித்து, அவளுக்குக் கீழே டிசைன் போட இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களிடம் ஒரு தையல் தப்பினால் அவள் முதலில் கம்ப்யூட்டரையும், பிறகு மெஷினையும், கடைசியாகத்தான் பெண்ணையும் கேட்பாள். கத்துவதும் குறையவில்லை. "அக்கா கத்துவாங்க, ஆனா சும்மா கத்த மாட்டாங்க" என்று அந்தப் பெண்கள் சொல்லிக்கொள்வது அவள் காதில் விழுந்ததுண்டு.

அண்ணன் விடுமுறைக்கு வந்து போனான். அவன் கேட்டதற்கு அவள் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னாள். "இன்னுமா அதையே பிடிச்சிக்கிட்டிருக்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். சின்ன விஷயம். விட்டுத்தள்ள வேண்டிய விஷயம். விட்டுத்தள்ளுவதற்கு அவன் கையில் ஒரு வார்த்தை இருந்தது, அதை அவன் விடவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டிருப்பவள் இவளாம்.

பிறகு ஒரு நாள், பட்டறையில் நூல் கோன்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. அண்ணனிடமிருந்து, அவளுக்கு மட்டும் ஒரு செய்தி.

"இங்க ஆபீஸ்ல ஒரு தப்புக்கு என்மேல பழி போட்டுட்டாங்க. நான் பண்ணாதது. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், யாரும் நம்பல. ராத்திரி தூக்கம் வரல. உன் ஞாபகம் வந்துச்சு. அந்த ஸ்பீட மாத்தினது நான்தான். பழசு அந்த வேகம் தாங்காதுன்னு கடைக்காரர் சொன்னார். புதுசு வீணாப் போகுதேன்னு மாத்திட்டேன். நீ போன் பண்ணிக் கேட்டப்போ எனக்கு ஞாபகம் இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் சொல்ல வாய் வரல. மன்னிச்சிடு. இது நமக்குள்ள இருக்கட்டும்."

அவள் இரண்டு முறை படித்தாள். கண்ணீர் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஞாபகம் இருந்துச்சு என்ற இடத்தில் காது இரண்டும் சுட்டன. தனக்கு ஒருமுறை சுட்ட பிறகுதான் இவனுக்கு மற்றவளுக்கும் தோல் என்று ஒன்று இருப்பது தெரிகிறது. அதுவும் நமக்குள் இருக்கட்டுமாம்! பழியை ஊர் முன்னால் போட்டுவிட்டு, உண்மையைக் கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்கிறான்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற குடும்பக் குரூப் ஒன்று இருந்தது. காலை வணக்கமும் பூப்படமும் தவிர அதில் வேறொன்றும் வராது. அம்மா, அண்ணி, அண்ணியின் தம்பி, சித்தி வீட்டு ஆட்கள் எல்லாரும் அதில் உண்டு. அவள் அந்தச் செய்தியை, கடைசி வரி உட்பட அப்படியே, அதில் தள்ளிவிட்டாள். கீழே ஒன்றும் எழுதவில்லை.

பிறகு அம்மா போன் செய்தாள். யாரோ படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

"ஏன்டி, அவனே மனசு வந்து சொல்லியிருக்கான். இதையெல்லாம் போய் எல்லாருக்கும் காட்டணுமா?"

"காட்டணும்" என்றாள்.